நம்மவர் படம் என்றால் கைதட்டியே ஆக வேண்டுமா?

கேள்வி, 2025 நவம்பர் 8

"தெற்காசியப் படைப்பாளிகளை ஆதரிப்போம்" என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி அறிவிப்பு வருகிறது. போய்ப் பார்த்தால் பாதிப் படம் சுமார். நம் முகம் திரையில் தெரிகிறது என்பதற்காக நான் காசு கொடுக்க வேண்டுமா? அதோடு, பஞ்சாபிக்காரர் எடுத்த படத்துக்கு யாழ்ப்பாணத்தான் ஏன் பெருமைப்பட வேண்டும்? ரொறன்ரோ ஸ்காபரோவில் இருக்கிறவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

நவம்பர் 8, இரவு

ஸ்காபரோவில்தான் இருக்கிறேன், விளக்குகிறேன். பெருமைப்படத் தேவையில்லை. கைதட்டவும் தேவையில்லை. ரிக்கெற் வாங்கினால் போதும், படம் முடிந்து வெளியே வந்து தாராளமாகத் திட்டலாம். நம் சனம் இதைத் தலைகீழாகச் செய்கிறது. இயக்குநரிடமே இலவச லிங்க் கேட்டு வாங்கி, பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "அருமை, வாழ்த்துகள் தம்பி" என்று எழுதிவிட்டுப் போகிறது. அவருக்குக் காசும் வரவில்லை, ஒழுங்கான ஒரு விமர்சனமும் வரவில்லை.

முகம் பற்றியது பெரிய கதை. நாளைக்கு.

நவம்பர் 9

'ஃபன்னி பாய்' இல்லாமல் இந்தக் கதை தொடங்காது. இலங்கையில் பிறந்த கனடிய எழுத்தாளர் ஷியாம் செல்வதுரையின் நாவல் அது, 1994இல் வந்தது. கொழும்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தில், ஆண்களை விரும்பும் ஒரு பையன் வளர்கிறான், தமிழருக்கு எதிரான 83 ஜூலைக் கலவரத்தில் எல்லாம் எரிகிறது. இந்தியாவில் பிறந்த கனடிய இயக்குநர் தீபா மேத்தா 2020இல் அதைப் படமாக்கினார், திரைக்கதையில் செல்வதுரையும் இருந்தார். டிரெய்லர் வந்ததும் கனடாத் தமிழர் கேட்ட கேள்வி இரண்டு. முக்கியமான தமிழ்ப் பாத்திரங்களில் தமிழர் எங்கே? பேசுகிற தமிழ் ஏன் இப்படி இருக்கிறது? தகப்பனாக வந்த அலி காஸ்மி பாகிஸ்தான் பின்னணி, ராதா ஆன்ட்டியாக வந்த அகம் தர்ஷி பஞ்சாபிப் பின்னணி. எதிர்ப்பு கிளம்பிய பிறகு தமிழ் வசனங்களில் ஒரு பகுதியை மறுபடி குரல் கொடுத்துப் பதிந்தார்கள்.

நான் ரத்தப் பரிசோதனை கேட்கிறவள் இல்லை. ஆனால் இது 83 பற்றிய படம். வீதியில் மறித்து, பேசவைத்துப் பார்த்து, ஆள் தமிழா இல்லையா என்று முடிவுகட்டி அடித்த கலவரம் அது. என் பெரியப்பா தப்பியது சிங்களம் அவருக்குப் பிசிறில்லாமல் வந்ததால்தான். அப்படிப்பட்ட கதையில் பேச்சு பிசகினால் கதையே பிசகுகிறது. ஏதோ ஒரு காதல் படத்தில் இதே பிசகு நடந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

கனடா ஒஸ்காரின் சர்வதேசப் படப் பிரிவுக்கு அனுப்பியதும் இதைத்தான். வசனத்தில் பாதிக்கு மேல் ஆங்கிலம் அல்லாத மொழியில் இருக்க வேண்டும் என்ற விதியில் அடிபட்டது. தமிழ் சரியில்லை என்று நாங்கள் கத்திக்கொண்டிருக்க, தமிழும் சிங்களமும் காணாது என்று அவர்கள் திருப்பி அனுப்பினார்கள்.

நவம்பர் 9, பின்னேரம்

"நடிகர் என்றால் யாராகவும் நடிக்கலாம்தானே" என்று எழுதிய மொன்றியல் தம்பிக்கு: நடிக்கலாம். 'தீபன்' என்ற பிரெஞ்சுப் படத்தில் ஈழத்துப் பெண்ணாக வந்த காளீஸ்வரி சீனிவாசன் சென்னை நாடகக்காரர். எங்கள் பக்கம் யாரும் அதற்காகச் சண்டைக்குப் போய் நான் பார்க்கவில்லை. நாயகனாகப் பக்கத்தில் நின்றவர் எழுத்தாளர் ஷோபாசக்தி, அந்த அகதி வாழ்க்கையை உள்ளே இருந்து தெரிந்தவர். 2015இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் முதல் விருதான தங்கப் பனையை வாங்கிய படம், அதுவும் பெரும்பகுதி தமிழில். இதைவிட என்ன முகம் வேண்டும்?

ஆனால் இயக்கியவர் ஜாக் ஓடியார், திரைக்கதை எழுதியவர்களும் பிரெஞ்சுக்காரர். கடைசியில் அந்த மனிதன் பாரிஸ் புறநகர்க் கட்டடத்தில் படியேறிப் படியேறி எல்லாரையும் போட்டுத் தள்ளுகிறான் அல்லவா, அது எந்தப் பிரெஞ்சுப் படத்திலும் வரக்கூடிய முடிவு. ஒரு தமிழ் இயக்குநர் எடுத்திருந்தால் அவன் அந்த இடத்தில் என்ன செய்திருப்பான் என்று இப்போதும் யோசிப்பதுண்டு. இரண்டாவது வேலைக்கு நேரமாச்சு என்று போயிருப்பான் என்கிறார் என் கணவர்.

நவம்பர் 11

அக்கா ஏன் இதில் இவ்வளவு சூடாகிறா என்று ஒருவர் கேட்டிருந்தார். சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தயாரிப்பில் என்னை "மொழி ஆலோசகர்" என்று கூப்பிட்டார்கள். பெயர் வேண்டாம். நான் கணக்கு வேலை செய்கிறவள், சினிமாவுக்கும் எனக்கும் உள்ள உறவு விழாக்களில் நாற்காலி அடுக்குவதும் ரிக்கெற் கிழிப்பதும்தான், ஆனால் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிற, பகலில் லீவு எடுக்கக்கூடிய ஒரு ஆள் அவசரமாக வேண்டுமாம். படப்பிடிப்புக்கு முதல் நாள் மாலை வசனம் வந்தது. ஆங்கிலத்தில் எழுதி, சென்னையில் யாரிடமோ கொடுத்து மாற்றிய தமிழ். யாழ்ப்பாணத்து அம்மம்மா பேரனைப் பார்த்து "என்னடா கண்ணா, சாப்டியா" என்கிறா. இரவோடிரவாக இருந்து மாற்றினேன்.

அம்மம்மாவாக நடிக்க வந்தவருக்குத் தாய்மொழி ஹிந்தி. நல்ல நடிகை, பாவம், என் வாயையே பார்த்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினார். ஒரு கட்டத்தில் எனக்கே மயிர் கூச்செறிகிற மாதிரி வந்துவிட்டது. அப்போது உதவி இயக்குநர் வந்து, அவ்வளவு மினக்கெட வேண்டாம், எப்படியும் சப்டைட்டில் போடத்தானே போகிறோம் என்றார்.

அங்கேதான் எனக்கு விளங்கியது. இந்தப் படத்தை யார் பார்ப்பார்கள் என்று அவர்கள் மனதில் ஒரு கூட்டம் இருந்தது, அந்தக் கூட்டத்தில் நாங்கள் இல்லை. எங்களைப் பற்றிய படம், எங்களுக்கான படம் இல்லை. வெளியீட்டு நேரத்தில் மட்டும் தமிழ் அமைப்புகளுக்கெல்லாம் மின்னஞ்சல் வந்தது: உங்கள் கதை, ஆதரவு தாருங்கள்.

நவம்பர் 12

அது எந்தப் படம் என்று தனிமடலில் கேட்காதீர்கள். இல்லை, நீங்கள் நினைக்கிற படம் இல்லை.

நவம்பர் 16

9ஆம் திகதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதில் மாற்றமில்லை, ஆனால் அது ஒரு பக்கம். தீபா மேத்தாவின் 'ஃபயர்' 1998இல் இந்தியாவில் ஓடியபோது எதிர்ப்பாளர்கள் தியேட்டர்களை உடைத்தார்கள். 'வாட்டர்' படத்துக்காக 2000இல் வாரணாசியில் போட்ட செட்டை அழித்தார்கள். அவர் சில வருடம் பொறுத்து, வேறு பெயர் சொல்லி இலங்கையில் வைத்து எடுத்து முடித்தார். 2005இல் வந்த அந்த ஹிந்திப் படம் கனடாவின் சார்பில் ஒஸ்கார் பரிந்துரை வரை போனது. ஆங்கிலமோ பிரெஞ்சோ பேசாத படமும் கனடியப் படம்தான் என்று இன்றைக்கு ஒரு பெடியன் படத்துக்கு நிதி கேட்கும் விண்ணப்பத்தில் துணிந்து எழுதுகிறான் என்றால், அந்தக் கதவைத் தள்ளியவர்களில் அவர் முக்கியமானவர்.

ஆகவே கோபம் அவரிடம் போவதில் எனக்கு உடன்பாடில்லை. எரிச்சல் வேறு இடத்தில். "தெற்காசியர்" என்று விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. சிந்தியும் சிங்களவரும் நேபாளியும் மட்டக்களப்புத் தமிழரும் எல்லாரும் அந்த ஒரு கட்டத்துக்குள். அதிலிருந்து ஒரு படத்தைத் தெரிவு செய்தால் அந்த வருடத்துக்கு அந்தக் கட்டம் நிரம்பிவிட்டது என்ற நினைப்பு பல இடங்களில் இருக்கிறது, வெளியே சொல்ல மாட்டார்கள். இடம் கிடைத்தவர் எல்லாருக்காகவும் பேச வேண்டி வருகிறது, பேசினால் எல்லாரும் அவர்மேல் பாய்கிறோம். வருடத்துக்குப் பத்து ஈழத்துக் கதை திரைக்கு வந்தால் பதினோராவதில் யார் நடித்தால் எனக்கென்ன? ஒன்றே ஒன்று வந்தபடியால்தான் அந்த ஒன்றின் ஒவ்வொரு எழுத்தையும் பிடித்துத் தொங்கினோம்.

நவம்பர் 20

"ஆதரவு, ஆதரவு என்கிறீர்கள், உருப்படியாக எங்கேயாவது நடந்திருக்கிறதா?" நடந்திருக்கிறது, பிரிட்டனில்.

1982இல் சானல் 4 தொலைக்காட்சி தொடங்கியபோது சினிமாத் தொழிலாளர் சங்கத்தோடு ஓர் உடன்பாடு போட்டார்கள். சிறிய படக் குழுக்களுக்கு ஒரு படத்துக்கு இவ்வளவு என்று மட்டும் கொடுக்காமல், குழு இயங்கவும் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் தொடர்ந்து காசு கொடுத்தார்கள். இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். அடுத்த படம் வருமோ தெரியாது என்ற பயம் இல்லாமல் இருந்து வேலை பழகலாம், ஒரு முயற்சி சொதப்பினாலும் அடுத்த மாதம் வாடகை கட்டலாம். ரீடேக் என்ற ஆசியக் குழு அப்படித்தான் இயங்கியது, 'மஜ்தார்' என்ற படத்தை 1984இல் கொண்டுவந்தது.

இயக்குநர் குரிந்தர் சத்தா அதே காலத்துக் காற்றில் வந்தவர். 1989இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்துக்கு ஓர் ஆவணப்படம், 1993இல் சானல் 4 காசில் 'பாஜி ஆன் த பீச்', 2002இல் 'பெண்ட் இட் லைக் பெக்கம்'. இந்த மூன்றில் கடைசிப் படம் உலகம் முழுக்க 7 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, எல்லாரும் அதைத்தான் பேசுகிறார்கள். முதல் ஆவணப்படத்தில் இருந்து எண்ணிப் பாருங்கள், 13 வருடம்.

நவம்பர் 21

"அது லண்டன், இங்கே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டவருக்கு. இங்கேயே இயக்குநர் லெனின் எம். சிவம் இருக்கிறார். 2009இல் '1999', 2013இல் 'எ கன் அண்ட் எ ரிங்', 2017இல் 'ரூபா'. இரண்டாவது படம் ஷாங்காய் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் ஓடியது. ரொறன்ரோத் தமிழரின் கதை, ரொறன்ரோவில் எடுத்தது. ஷாங்காயில் பார்த்த சீனர்களின் எண்ணிக்கை ஸ்காபரோவில் பார்த்த தமிழரைவிட அதிகமாக இருக்கும் என்பது என் சந்தேகம். பகிடி பாதி, உண்மை பாதி.

நவம்பர் 23

இப்போது கசப்பான பக்கம். வெள்ளைக்காரர் இடம் தரவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும் நாங்கள் எங்கள் ஆட்களுக்கு என்ன செய்தோம்?

ஜூட் ரட்ணம் எடுத்த 'டீமன்ஸ் இன் பாரடைஸ்' ஆவணப்படம் 2017இல் கானில் சிறப்புக் காட்சியாகப் போனது. ஈழத்தமிழர் ஒருவரின் படம் கானுக்குப் போவது சின்ன விஷயமா? ஆனால் அவர் அரசு செய்த கொடுமையோடு, தமிழ் இயக்கங்கள் ஒன்றையொன்று கொன்றதையும் காட்டினார். அதே வருடம் யாழ்ப்பாணத் திரைப்பட விழாவில் போட இருந்த படத்தை எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் 2014இல் பிரசன்ன விதானகேயின் 'வித் யூ வித்அவுட் யூ'. முன்னாள் சிங்களச் சிப்பாயும் போரில் எல்லாம் இழந்த தமிழ்ப் பெண்ணும். எடுத்தவர் சிங்களவர் என்றதும் சென்னையில் மிரட்டல், காட்சி ரத்து. அந்தச் சிப்பாயை அவர் துளியும் மன்னிக்கவில்லை என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஜூட்டின் படத்தோடு எனக்கும் சண்டை உண்டு, சில இடங்களில் தராசு ஒரு பக்கம் சரிகிறது. பார்த்துவிட்டுத்தான் சண்டை போடுகிறேன். பார்க்க விடாமல் செய்துவிட்டு, உலக மேடையில் எங்கள் பிரதிநிதித்துவம் எங்கே என்று கேட்க எப்படி வாய் வருகிறது?

(இதற்கு வந்த பதில்களில் சிலதை நிர்வாகி தூக்கிவிட்டார். தூக்கியிருக்க வேண்டாம். என்னைத் திட்டியதுதானே.)

நவம்பர் 27

"தமிழ்நாட்டிலும் கதை இதேதான்" என்று சென்னை நண்பர் சொன்னது நியாயம். பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் நெதர்லாந்தின் ரொட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது, இந்தியாவின் ஒஸ்கார் தெரிவாகவும் போனது. தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் வரவேயில்லை, 2023இல் நேராக ஓடிடிக்கு வந்தது. வெயிலில் அந்தக் குழந்தையும் குடிகாரத் தகப்பனும் நடக்கிற நடை பெரிய திரைக்கென்றே எடுத்தது, நான் பார்த்தது பதின்மூன்று அங்குல மடிக்கணினியில்.

பாயல் கபாடியா 'ஆல் வீ இமாஜின் ஆஸ் லைட்' படத்துக்காக 2024இல் கானில் இரண்டாம் பெரிய விருது வாங்கினார். அதற்கு முன் முப்பது வருடமாக ஓர் இந்தியப் படமும் அந்தப் போட்டிப் பிரிவுக்குப் போனதில்லை. இந்தியாவின் தெரிவுக் குழுவோ அதை ஒஸ்காருக்கு அனுப்பவில்லை, இந்தியாவில் நடக்கும் ஐரோப்பியப் படம் பார்த்த மாதிரி இருந்தது என்று காரணம் சொன்னதாகச் செய்தி வந்தது. பிரெஞ்சுக் காசு, டச்சுக் காசு எல்லாம் சேர்ந்த படம்தான். உள்ளூரில் யாரும் கொடுக்காத காசை வெளியே வாங்கினால் படம் வெளிநாட்டுப் படமாகிவிடுமா? அதே வருடம் பிரிட்டிஷ் இயக்குநர் சந்தியா சூரியின் 'சந்தோஷ்', ஹிந்திப் படம், பிரிட்டன் தன் படம் என்று ஒஸ்காருக்கு அனுப்பியது. இந்தியத் தணிக்கைக் குழு வெட்டச் சொன்ன இடங்களை வெட்டினால் படமே மிஞ்சாது என்ற நிலையில் 2025இல் அது அங்கே முடங்கிவிட்டது. ஆக, ஒன்று இந்தியாவுக்கு வெளிநாட்டுப் படம், மற்றது பிரிட்டனுக்கு உள்நாட்டுப் படம். இதில் "நம்மவர்" யார் என்று கேள்வி கேட்டவரே முடிவு செய்யட்டும்.

டிசம்பர் 2

தியேட்டர் பற்றி யாரும் எழுதவில்லை. சின்னப் படத்தைத் திரையிட இங்கே என்ன பாடு என்று தெரியாமல்தான் "ஏன் தியேட்டரில் போடவில்லை" என்று கேட்கிறார்கள்.

ரொறன்ரோ சுற்றுவட்டாரத்தில் தென்னிந்தியப் படம் போட்ட அரங்குகளில் திரையைக் கிழிப்பது வருடக்கணக்காக நடக்கிறது. 2024 ஜனவரியில் 'மலைக்கோட்டை வாலிபன்' என்ற மலையாளப் படம் வந்தபோது பல அரங்குகளில் துப்பாக்கியால் சுட்டார்கள், பெரிய அரங்க நிறுவனம் படத்தையே எடுத்துவிட்டது. 2025இல் ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஓக்வில்லில் ஓர் அரங்கின் வாசலில் தீ வைத்தார்கள், ஒரு வாரத்தில் துப்பாக்கிச் சூடு, அவர்களும் சில இந்தியப் படங்களை நிறுத்தினார்கள். விநியோக உரிமைப் போட்டி என்று பத்திரிகைகள் எழுதின. நட்சத்திரப் படத்துக்கே இந்த நிலை என்றால், ஓர் அறிமுக இயக்குநரின் தமிழ்ப் படத்தோடு அரங்கு மேலாளரிடம் போய் நின்று பாருங்கள். நாங்கள் நின்றிருக்கிறோம். தமிழ் என்று சொன்னதும் மனுஷன் கேட்ட முதல் கேள்வி, காப்புறுதி இருக்கா.

கடைசியில் ஒரு சமூக மண்டபத்தில் போட்டோம். ஆறு மணி என்று அடித்தால் ஏழரைக்குத்தான் சனம் வரும் என்பது தெரிந்ததுதானே. ரிக்கெற் மேசையில் நான். பென்ஸில் வந்து இறங்கிய ஓர் அண்ணை, "நாங்கள் இயக்குநரின் ஊர்க்காரர்" என்று சொல்லிவிட்டு நாலு பேரோடு உள்ளே போய்விட்டார். ரிக்கெற் பத்து டொலர். அதே அண்ணை ரஜினி படத்துக்கு முதல் நாள் முதல் காட்சிக்கு முப்பது டொலர் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

2018இல் 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' என்ற ஹாலிவுட் படம் வந்தபோது அமெரிக்காவில் ஆசியச் சமூகத்தவர் முதல் வாரத்துக்கு முழு அரங்கையும் மொத்தமாக வாங்கி நிரப்பினார்கள். முதல் வார வசூலைப் பார்த்துத்தான் படம் இரண்டாம் வாரம் நிற்குமா என்று முடிவெடுப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கோயில் திருவிழாவுக்கு உபயம் எடுக்கிற நம் சங்கங்களுக்கு ஒரு காட்சியை எடுப்பது பெரிய காசில்லை.

டிசம்பர் 3

மைத்ரேயி ராமகிருஷ்ணனைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று என் மகள் கேட்கிறாள், எழுதுகிறேன். 2020இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'நெவர் ஹாவ் ஐ எவர்' தொடருக்கு 15,000 பேரில் இருந்து தெரிவான மிசிசாகாப் பிள்ளை. ஈழத்துக் குடும்பம், நடித்தது இந்தியத் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணாக. என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தொடரை நான் ரசித்தேன் என்று சொல்ல முடியாது, அம்மாக்காரி எப்போதும் கத்திக்கொண்டே இருக்கிறா (மகள்: "அதுதானே உண்மை"). ஆனால் பள்ளியில் தன் முழுப் பெயரையும் அவள் கூச்சமில்லாமல் சொல்லத் தொடங்கியது அந்த வருடத்தில்தான்.

ஆகவே முகம் ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதுக்கு முகம் போதும். நாற்பத்தாறு வயதுக்குக் காணாது.

டிசம்பர் 9

கோலாலம்பூரில் இருந்து எழுதியவருக்கு நன்றி, 'ஜகாட்' எனக்கும் பிடித்த படம். தெரியாதவர்களுக்காக: ஷாஞ்சய் குமார் பெருமாள் 2015இல் எடுத்த மலேசியத் தமிழ்ப் படம், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துப் பையனின் கதை. அங்கே 2016 தேசியத் திரைப்பட விழாவில் வசனம் 70 சதவீதம் மலாய் மொழியில் இல்லாத படங்களைத் தனிப் பிரிவில் தள்ளினார்கள். முகமட் நோர் காசிம் என்ற மலாய் ஒளிப்பதிவாளர் அதை எதிர்த்துத் தன் விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார். விதியை மாற்றினார்கள், சிறந்த மலேசியப் படம் என்ற விருது 'ஜகாட்'டுக்கே போனது. சண்டையை இந்தியர் மட்டும் போட்டிருந்தால் இவ்வளவு சீக்கிரம் மாறியிருக்குமா என்பது சந்தேகம்.

டிசம்பர் 15

தன் படத்தை முடிக்கப்போகும் ஒரு தம்பி சப்டைட்டில் பற்றிக் கேட்டிருந்தார். கணினி மொழிபெயர்ப்பில் போட்டு எடுக்காதீர். "போட்டு வாறன்" (போய்விட்டு வருகிறேன்) என்று வாசலில் நிற்கிற ஆள் சொல்வதை அது எதையோ எங்கேயோ வைக்கப்போவதாக எழுதிவைக்கும். இரண்டு பேரிடம் கொடும்: தமிழ் நன்றாகக் கேட்கத் தெரிந்த ஒருவர், தமிழே தெரியாத ஒருவர். முதல் ஆள் பிழை பார்க்கட்டும், இரண்டாம் ஆள் எந்த இடத்தில் வாசித்து முடிக்க நேரம் காணவில்லை என்று சொல்லட்டும். மட்டக்களப்புக் காட்சிகளை யாழ்ப்பாணத்து ஆளிடம் கொடுக்காதீர், என்னிடமும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இங்கே ஒரு மட்டக்களப்பு ஆசிரியை இருக்கிறா, தொடர்பு தனிமடலில் அனுப்புகிறேன். அவவுக்குக் காசு கொடும். நன்றி அறிவிப்பில் பெயர் போடுகிறேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகாதீர்.